ட்ஸ்கால்டுபோ நாட்குறிப்பு: மாஸ்கோ ரயில் நின்ற பிறகு

அக்டோபர் 5, 2024, சனி – குடாய்சி

ஜார்ஜியா என்றதும் திபிலீசி, கஸ்பெகி பனிமலை, பதூமி கடற்கரை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அபுதாபியில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள். அவர்கள் காட்டிய படங்களில் பனியும் கேபிள் காரும்தான். நாங்கள் வந்திருப்பது மேற்குப் பக்கம், இமெரெதி மாகாணத்தில் குடாய்சியை ஒட்டியுள்ள ட்ஸ்கால்டுபோ என்ற சின்ன ஊரைப் பார்க்க. சோவியத் காலத்தில் தொழிலாளர்கள் ஓய்வெடுக்கவும், மூட்டுவலிக்கு ஊற்றுநீரில் குளிக்கவும் அரசாங்கம் கட்டிய ஊர் அது. தங்கி ஓய்வெடுத்துச் சிகிச்சை பெறும் மாளிகைகளான சானடோரியங்கள் இருபதுக்கும் மேல், தனித்தனிக் குளியல் கூடங்கள், நடுவில் பெரிய பூங்கா. இன்று அவற்றில் பல கூரை ஒழுகி, சுவரில் மரம் முளைத்துக் கிடக்கின்றன.

அக்காதான் ஆரம்பித்தாள். அவள் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். "குளிச்சு உடம்பைத் தேத்துறதுக்குன்னே ஒரு ஊரைக் கட்டியிருக்கான்னா, அதைப் பார்க்காம இருக்கலாமாடி?"

இறங்கியதிலிருந்து மழை. கருங்கடலின் ஈரமெல்லாம் இந்தப் பக்கம்தான் இறங்கும் என்று விடுதிக்கார அம்மா கையைக் காட்டிச் சொன்னார். முற்றத்துப் பந்தலில் கறுப்புத் திராட்சை குலை குலையாய்த் தொங்கியது. பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஒரு தட்டு நிறையப் பறித்து நீட்டிவிட்டார்.

புரட்டாசி சனிக்கிழமை என்பதால் அக்கா சைவம். ஜார்ஜியாவில் அதற்குக் கஷ்டமே இல்லை. இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் நிறைய. அந்த நாட்களுக்கென்று பயறு, கத்தரிக்காய், அக்ரூட் எல்லாம் வைத்து ஒரு தனிச் சமையலே உண்டு. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க லோபியோ வந்தது. சிவப்பு மொச்சை போன்ற ஒரு பயற்றைக் குழைய வேகவைத்து, கொத்தமல்லித்தழையும் பூண்டும் இடித்துப் போட்டது. தொட்டுக்கொள்ள மசாடி என்ற மக்காச்சோள ரொட்டி. எனக்கு இமெரெதி கச்சாபூரி, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மூடிச் சுட்டது. இருவருக்குமாக 27 லாரி. லாரி என்பது ஜார்ஜியப் பணம். நம் காசுக்கு எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய்.

அக்டோபர் 6, ஞாயிறு – சானடோரியங்கள்

குடாய்சியிலிருந்து ட்ஸ்கால்டுபோவுக்கு மார்ஷ்ருத்கா என்ற வேன் ஓடுகிறது. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆளுக்கு 2 லாரி. இறங்கும்போது ஓட்டுநரிடம் கொடுத்தால் போதும். அக்கா ஏறியதுமே ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், யாரும் சொல்லவில்லை. வழியில் தேவாலயம் வரும்போதெல்லாம் வேனில் உள்ளவர்கள் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஓட்டுநரும் போட்டார், அதுவும் வளைவில்.

ஊரின் அமைப்பு ஒரு சுற்று நடந்ததும் புரிந்துவிட்டது. நடுவில் பூங்கா, அதற்குள் ஊற்றுகளின் மேலேயே கட்டிய குளியல் கூடங்கள், பூங்காவைச் சுற்றி வளையமாகச் சானடோரியங்கள். மழை விட்டிருந்தது. நடைபாதையில் மாடுகள் மேய்ந்தன. காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய் ஒன்று எங்களோடேயே வந்தது. தடுப்பூசி போட்ட நாய் என்பதற்கு அந்த வில்லை அடையாளம்.

முதலில் மெடேயா. படங்களில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய கட்டடம் இதுதான்: அகன்ற படிக்கட்டு, மேலே வரிசையாக உயர்ந்த தூண்கள், தூண்களுக்கு அந்தப் பக்கம் வானம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு கல்யாண ஜோடிகள் புகைப்படக்காரர்களோடு வந்திருந்தார்கள். மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டினாள். ஒரு ஜோடியின் தோழர்கள் எங்களையும் இழுத்து ஒரு படத்தில் நிற்கவைத்தார்கள். அக்காவின் சேலை அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்து மெட்டலுர்கி. பெயரே சொல்லிவிடுகிறது, உலோகத் தொழிலாளர்களுக்கானது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒன்று, ரயில்வேக்காரர்களுக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று எனத் துறைவாரியாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். 1936-இல் வந்த சோவியத் அரசியல் சட்டத்தின் 119-ஆவது பிரிவு, ஓய்வு குடிமக்களின் உரிமை என்றே எழுதியது. அதை வெறும் எழுத்தாக விடாமல் நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு சீட்டு இருந்தது. தொழிற்சங்கம் வழங்கும் புத்யோவ்கா. செலவில் பெரும்பகுதியைச் சங்கமே ஏற்கும். பெரும்பாலும் 24 நாள் தங்கல். எந்த வேளை எந்தக் குளியல், எந்த உணவு, எப்போது நடை, எப்போது தூக்கம் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். மாலையில் இசையும் நடனமும். சீட்டு பெரும்பாலும் தொழிலாளியின் பேருக்கு மட்டும்தான், குடும்பத்துக்கு இல்லை. உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றவர் இந்தத் தூண்களுக்கு நடுவே பைஜாமாவோடு உலாவியிருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. அரண்மனை மாதிரி கட்டி உலைத்தொழிலாளியைத் தங்கவைக்க வேண்டும் என்று நினைத்த ஒரு காலம் இருந்திருக்கிறது. அந்த அரசு செய்த கொடுமைகள் தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 1,25,000 பேர் வந்தார்களாம். மாஸ்கோவிலிருந்து நேரடி ரயிலே இந்த ஊர்வரை ஓடியது.

உள்ளே போகக் காவலாளி ஆளுக்கு 5 லாரி கேட்டார். சீட்டு கிடையாது. வாங்கிக்கொண்டு, எந்த மாடிப்படி உறுதி, எதில் கால் வைக்கக்கூடாது என்று கூடவே நடந்து காட்டினார். தரையில் பதித்திருந்த மரக்கட்டைகளைக் காணோம், வெறும் சிமெண்டுதான். 1990-களின் குளிர்காலங்களில் மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமல் நாடே தவித்தபோது அவற்றைப் பெயர்த்து அடுப்பில் எரித்திருக்கிறார்கள். ஜன்னல்களில் வட்டமாக ஓட்டை, விறகடுப்பின் புகைக்குழாய் வெளியே போன வழி. ஓர் அறையில் பூப்போட்ட சுவர்த்தாள் மூன்று அடுக்காக உரிந்திருந்தது. கதவு நிலையில் பென்சில் கோடுகள், கீழிருந்து மேலே, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். பிள்ளைகளின் உயரம்.

அக்கா அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது சானடோரியத்துக்கு வந்தவங்க போட்டது இல்லடி. இருபத்தி நாலு நாள்ல எந்தப் புள்ள இவ்வளவு வளரும்?"

மதியம் மறுபடி மழை. சாலையோரக் கடையில் கின்காலி, உள்ளே பூரணம் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி. காளான் வைத்தது அக்காவுக்கு, இறைச்சி வைத்தது எனக்கு. ஒன்று ஒன்றரை லாரி. கொண்டையைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தைக் கடித்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் மீதியைத் தின்ன வேண்டும். கொண்டையைத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து செய்துகாட்டிவிட்டு, தன் மேசையிலிருந்த ஒரு கூஜா வைனையும் எங்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

அக்டோபர் 7, திங்கள் – ஆறாம் எண் குளியல் கூடம்

ஆறாம் எண் கூடம் இன்றும் இயங்குகிறது. ஸ்டாலினுக்காகக் கட்டப்பட்டது. அவர் இதே ஜார்ஜியாவின் கோரியில் பிறந்தவர். முகப்பின் மேல் நீளமான புடைப்புச் சிற்பத்தில் மக்கள் சூழ நிற்கிறார். அவர் இறந்து சில ஆண்டுகளில் சோவியத் முழுக்க அவருடைய சிலைகளை அகற்றினார்கள். இது எப்படியோ தப்பியிருக்கிறது. அவருக்கென்று அமைத்த தனிக் குளியலறையையும் காட்டினார்கள்.

பணிப்பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்தது. எங்கள் மாநில முதலமைச்சரின் பெயரும் ஸ்டாலின்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. போனில் படம் காட்டினேன். 1953 மார்ச் 1-ஆம் தேதி அவர் பிறந்தார், 5-ஆம் தேதி இவர் இறந்தார், அப்போது வைத்த பெயர் என்றதும், உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஜார்ஜிய மொழியில் விளக்கினார். அவர்களில் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெயர் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

குளிக்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தண்ணீர் 33 முதல் 35 டிகிரி, சுட வைப்பதில்லை, ஆற வைப்பதுமில்லை. ஊற்றிலிருந்து வந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்புச் சூட்டுக்கு ஏறத்தாழச் சமம் என்பதால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கால் மணி நேரம் ஆனதும் கதவைத் தட்டிவிட்டார்கள்.

தண்ணீரில் ரேடான் வாயு மிகச் சிறு அளவில் கரைந்திருக்கிறது. கதிரியக்கம் உள்ளது. அக்கா இதை முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள், அதாவது அதற்குள் பாதி அழிந்துவிடும், பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, தொட்டியில் தேக்கிவைத்தாலும் வாயு வெளியேறிவிடும். ஊற்று இருக்கும் இடத்துக்கு மனிதன்தான் வந்தாக வேண்டும். இவ்வளவு பெரிய ஊரை இங்கேயே கட்டியதன் காரணம் அதுதான்.

"நிஜமாவே மூட்டுவலி போகுமாக்கா?"

"வெதுவெதுன்னு தண்ணியில மிதந்தா மூட்டுல பாரம் இறங்கும், தசை தளரும். இருபத்தி நாலு நாள் வேலைக்குப் போகாம, நேரத்துக்குத் தின்னு, நேரத்துக்குத் தூங்கினா பாதி வலி தானா போகும். இதுல ரேடான் எவ்வளவு, ஓய்வு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்டி. நான் ஓய்வுக்குத்தான் அதிக மார்க் போடுவேன்."

மாலையில் எட்டாம் எண் கூடத்துக்குப் போனோம். மூடிப் பல காலம் ஆகிறது. வட்டக் கட்டடம், கூரையின் நடுவில் திறந்த பெரிய வட்டம், அதற்குக் கீழே இதழ் விரித்தாற்போலச் சுற்றிலும் குளியல் தொட்டிகள். வட்டத்தின் வழியாக மழை நேராகத் தொட்டிகளில் இறங்கியது. மாநிறப் பாசியும் உடைந்த ஓடுகளும். பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு இளைஞர்கள் ஒருத்தியை அந்தத் தொட்டியில் படுக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்கள் நிறையப் பேர் இதற்காகவே வருகிறார்கள். பாழடைந்த அழகு அவர்களுக்கு வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் நான் வருவதற்கு முன் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட ஒரு மனிதர் இல்லை. நேற்று பார்த்த பென்சில் கோடுகள் இல்லை. சோவியத் மாளிகை, அப்புறம் நேரே இடிபாடு, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. இது எனக்குக் கோபத்தைத் தந்தது. அடுத்த நாள் அந்தக் கோபம் இன்னும் கூடியது.

அக்டோபர் 8, செவ்வாய் – துலுக்கச் சாமந்தித் தோட்டம்

காலையில் பிரொமெதியஸ் குகை. 1984-இல் கண்டுபிடித்து, 2011-இல் மக்களுக்குத் திறந்தார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை. உள்ளே குளிர், கல்லில் வண்ண விளக்குகள். அழகுதான்; எழுத அதற்குமேல் எதுவும் இல்லை.

பிற்பகல் மழையில்லை. பெயர்ப்பலகை இல்லாத ஒரு சானடோரியத்தின் பின்பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. போய்ப் பார்த்தால் துலுக்கச் சாமந்தி, பாத்தி பாத்தியாக. நடுவே மக்காச்சோளம், பயற்றங்கொடி, மிளகாய். எழுபதை நெருங்கும் ஓர் அம்மா பூவைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். சாமிக்கா என்று சைகையில் கேட்டேன். சிரித்துவிட்டு வாயைக் காட்டினார். காயவைத்துப் பொடித்துக் குழம்பில் போடுவார்களாம். இமெரெதி குங்குமப்பூ என்று சந்தையில் விற்பது இதைத்தான்.

அவருடைய பேரன் ஓரளவு ஆங்கிலம் பேசினான். அவன் வந்ததும் பழைய குளியல் தொட்டியைக் கவிழ்த்துப்போட்ட பெஞ்சில் எங்களை உட்காரவைத்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, ஒரு கிண்ணத்தில் அஜிகா. சிவப்பு மிளகாயைப் பூண்டோடும் உப்போடும் அரைத்தது. நம் வீட்டு மிளகாய்த் தொக்கில் எண்ணெய் குறைத்தால் எப்படியோ அப்படி. அக்கா இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் கருங்கடலோர அப்காசியாவின் தலைநகரான சுகுமியைச் சேர்ந்தவர். ஜார்ஜியாவிலிருந்து பிரிய முயன்ற அந்தப் பகுதியில் 1992 ஆகஸ்டில் போர் மூண்டது. 1993 செப்டம்பர் 27-ஆம் தேதி சுகுமி வீழ்ந்தது. அங்கிருந்த ஜார்ஜியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஸ்வானெதி மலைக்கணவாய்களைக் கால்நடையாகக் கடந்தார்கள். குளிரில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இவர் இரண்டு பிள்ளைகளோடு அந்த வழியாகத்தான் வந்தார். பேரன் இதை மொழிபெயர்க்கும்போது அவர் பூவைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

வந்தவர்களை வைக்க அரசிடம் இருந்தவை காலியான ஹோட்டல்களும் பள்ளிகளும் சானடோரியங்களும்தான். சோவியத் 1991-இல் உடைந்தது, சீட்டுக் கொடுத்த சங்கங்கள் போயின, விருந்தாளிகளும் நின்றுபோனார்கள். அந்த அறைகளுக்குள் இவர்கள் நுழைந்தார்கள். ட்ஸ்கால்டுபோவுக்கு மட்டும் 9,000 பேர்வரை வந்ததாகச் சொல்கிறார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சில மாதங்கள் என்று நினைத்து வந்தவர்கள் முப்பது வருடம் வரை இருந்துவிட்டார்கள். பிள்ளை பெற்றார்கள், கட்டிக்கொடுத்தார்கள், செத்துப்போனவர்களை அதே அலங்காரப் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள்.

அக்கா கேட்டாள், "இங்க இருந்த தண்ணியில நீங்க குளிச்சிருக்கீங்களாம்மா?" பேரன் கேட்டுச் சொன்னான். முதல் சில குளிர்காலங்களில் வெந்நீருக்கு வழியில்லை. விறகு ரொட்டிக்கே போதவில்லை. பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கதவு உடைந்த குளியல் கூடத்துக்கு ஓடுவார்களாம். வெளியே பனி, உள்ளே தொட்டியில் அதே 33 டிகிரித் தண்ணீர், காசும் கேட்காது, கரண்டும் கேட்காது. "என் அம்மாவை அதில்தான் குளிப்பாட்டினார்கள்" என்றான்.

இவ்வளவு காலம் இந்தக் கட்டடங்கள் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்ஷல்களையும் உருக்காலைக்காரர்களையும் தங்கவைத்ததைவிடப் பெரிய வேலை. சுவர்த்தாளை ஒட்டியவர்கள் இவர்கள். கூரையில் தகரம் அடித்து ஒழுகலை நிறுத்தப் பார்த்தவர்கள் இவர்கள். இவர்கள் தரைக்கட்டையை எரித்ததால்தான் கட்டடம் பாழானது என்று சொல்கிறவர்கள் உண்டு. மைனஸில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு தரை அழகைப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை.

அண்மை ஆண்டுகளில் அரசு புது அடுக்குமாடிகள் கட்டிப் பெரும்பாலான குடும்பங்களை மாற்றிவிட்டது. இந்த அம்மாவுக்கும் வீடு கிடைத்திருக்கிறது, குழாயில் வெந்நீரோடு. மண் மட்டும் இங்கே இருப்பதால் தினமும் நடந்து வருகிறார். சானடோரியங்களை 2022-இல் அரசு ஏலத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குகிறவர் வேலி போட்டால் இந்தத் தோட்டம் போய்விடும். அதைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொட்டப்பட்டு முகாம்ல இலங்கையிலேர்ந்து 1990-ல வந்தவங்க இன்னமும் இருக்காங்கடி. அங்கேயே பொறந்ததுங்க காலேஜ் முடிச்சாச்சு" என்றாள். பேரனிடம் அதைச் சொன்னோம். அவன் பாட்டியிடம் சொன்னான். பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அவர்கள் ஊருக்குப் போக முடியுமா? சிலர் போனார்கள், பலர் போகவில்லை என்றோம்.

எழும்போது அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டாள். அதன் பிறகு அரை மணி நேரம் அந்தப் பெஞ்சே அவளுக்குக் கிளினிக். துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவது. பேரன் வீடியோ எடுத்துக்கொண்டான். கிளம்பும்போது ஒரு ஜாடி அஜிகாவும் பை நிறையச் சீமைப் பனிச்சம்பழமும் கொடுத்தார். பணத்தை எடுத்ததும் அவர் முகம் மாறியது; உடனே உள்ளே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, புதன் – ரயில் நிலையம், சந்தை

இரவு விமானம். காலையில் ட்ஸ்கால்டுபோவின் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்கப் போனோம். ஊருக்கேற்ற பெரிய கட்டடம், பூட்டிக்கிடக்கிறது. தண்டவாளத்தைப் புல் மூடியிருக்கிறது. மாஸ்கோ ரயில் சோச்சியைத் தாண்டி, கருங்கடல் ஓரமாகச் சுகுமி வழியாகத்தான் வந்தது. 1992 போரில் அந்தப் பாதை அப்காசியாவில் அறுந்தது, இன்றுவரை ஒட்டவில்லை. விருந்தாளிகள் வந்த வழியை அடைத்த அதே போர்தான் அகதிகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. சுகுமி அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது இந்த ரயிலைத் தன் ஊர் நிலையத்தில் பார்த்திருக்கிறாராம். நேற்று பேரன் அதைச் சொல்லும்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை. இங்கே நின்றபோதுதான் உறைத்தது.

குடாய்சிச் சந்தையில் கடைசி நேர வாங்கல்: அக்ரூட்டை நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் தோய்த்த சுர்ச்கேலா ஒன்று 4 லாரி, துலுக்கச் சாமந்திப்பொடி ஒரு பொட்டலம் 3 லாரி. பொடி விற்ற பெண் குழம்புக்கு எவ்வளவு போடவேண்டும் என்று உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழை அங்கி அவசியம், செருப்பு வேண்டாம், கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், சிமெண்டில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. காவலாளிக்கென்று 5 லாரி சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். துணி காய்ந்தாலோ, கோழி நின்றாலோ அது ஒருவரின் வீடு. வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஜார்ஜிய மொழியில் வணக்கம் சொல்ல 'காமார்ஜோபா' என்ற ஒரே சொல் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.